தராசு எதை நிறுக்கிறது?

“வேலை செய்யாதவனை வைத்துக்கொண்டு கம்பனி என்ன செய்வது?” இந்தக் கேள்வி எழாத இடம் இன்று இல்லை. கொழும்பிலே கணினி நிறுவனமொன்றில் பணி புரியும் இளைஞன் கேட்கிறான், தோட்டத்து உத்தியோகத்தர் கேட்கிறார், நாட்சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிகூட, பக்கத்துக் காம்பராக்காரனின் வேலை போனதும், “அவன் ஒழுங்காக இருந்திருந்தால் ஏன் நிற்பாட்டப் போகிறார்கள்?” என்று கேட்டுவிடுகிறான். கேள்வி நியாயமானது போலவே ஒலிக்கிறது. அவ்வாறு ஒலிப்பதனாலேயே அதனை நின்று நிதானித்து ஆராய வேண்டியிருக்கிறது. அநீதி தன் சொந்தக் குரலிலே பேசினால் எதிர்ப்பது எளிது. அது நீதியின் குரலை இரவல் வாங்கும்போதுதான் விமர்சகனுக்கு வேலை வருகிறது.

2025 ஜனவரியில், முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனத்தின் தலைவர் மார்க் சக்கர்பேர்க், தம் ஊழியருள் திறன் குறைந்த நூற்றுக்கு ஐவரை நீக்கப் போவதாக அறிவித்தார். அடுத்த மாதம் ஏறக்குறைய 3,600 பேர் வேலை இழந்தனர். முந்திய மதிப்பீடுகளில் தமக்கு நல்ல தரமே கிடைத்திருந்தது என்று அவர்களுள் சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். இதே நிறுவனம் 2022 நவம்பரில் 11,000 பேரை நீக்கியது. அப்பொழுது கூறப்பட்ட காரணம் வேறு: எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, தம் கணிப்புப் பிழைத்துவிட்டது, பொறுப்பு தம்முடையது என்று தலைவரே ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழிந்ததும் பொறுப்பு இடம் மாறிவிட்டது. முன்னர் வேலை இழந்தவன் துரதிர்ஷ்டசாலி; பின்னர் இழந்தவன் திறனற்றவன். இருவரும் இழந்தது ஒன்றே. ஆனால் இரண்டாமவன் வேலையோடு பெயரையும் இழந்தான்.

அமெரிக்கக் கம்பனியின் கதை அக்கரப்பத்தனையில் இருப்பவனுக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மனிதனின் உழைப்பை நாள்தோறும் தராசிலே தூக்கி, எடை குறைந்தால் அவன் பெயரைப் பாதியாக வெட்டும் வழக்கம் இந்த மலைகளிலே தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது. கணினி நிறுவனங்கள் இன்று கண்டுபிடித்ததாகக் கருதும் அளவுகோலை நம்முடைய பாட்டிமார் பழகி அலுத்தவர்கள். எனவே அந்த அளவுகோல் உண்மையில் எதை அளக்கிறது என்பதைச் சொல்லும் தகுதி இந்த மண்ணுக்கு உண்டு.

*

நான் கற்பிக்கும் பிள்ளைகளுள் பலரின் தாய்மார் கொழுந்து பறிப்பவர்கள். காலையில் பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, படங்கு கட்டி, மலைக்கு ஏறுகிறார்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. அது தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். 18 கிலோ என்பது பலரும் அறிந்த கணக்கு; 20 கிலோ கேட்கும் தோட்டங்களும் உண்டு. அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். ‘பேர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழிலே அது ஆளையும் குறிக்கும், ஆளின் நாமத்தையும் குறிக்கும், அவன் ஈட்டிய புகழையும் குறிக்கும். தோட்டத்துத் தமிழிலோ அது ஒரு நாட்சம்பளத்தைக் குறிக்கிறது. அரைப்பேர் போடப்பட்ட பெண் அன்று மாலை வீடு திரும்பும்போது, கணக்கின்படி அரை ஆளாகவே திரும்புகிறாள்.

என். எஸ். எம். இராமையா தம் புகழ்பெற்ற சிறுகதைக்கு ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்று பெயர் வைத்தது தற்செயலன்று. மலையகத்திலே ஒருத்தியின் மானமும் மதிப்பும் அவளது கூடையின் எடையோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறிந்த எழுத்தாளன் வைத்த பெயர் அது.

அந்தக் கூடையிலே இருப்பது என்ன? பறித்தவளின் உழைப்பு மட்டுமா? ஒரே நாளில், ஒரே தோட்டத்தில், இரண்டு பெண்களை இரண்டு மலைகளுக்கு அனுப்பிப் பார்ப்போம். ஒருத்திக்குக் கிடைத்தது கவ்வாத்து வெட்டி நன்றாகத் தளிர்த்து வந்த வி.பி. தேயிலை மலை, செடிகள் நெருக்கமாக நிற்கின்றன, பசளை போட்டு அதிக நாளாகவில்லை, நிலம் ஓரளவு சமம். மற்றவளுக்குக் கிடைத்தது வெள்ளைக்காரன் காலத்தில் விதையிலிருந்து வளர்த்த பழைய செடிகள், செத்த செடிகளின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது, செங்குத்தான சரிவு, புல் இடுப்பளவு, அட்டைக்கடி, அடுத்த செடிக்குப் போகுமுன் நான்கு அடி ஏற வேண்டும். மாலை நிறுவையில் முதலாமவள் 25 கிலோ, இரண்டாமவள் 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவருள் திறன் மிக்கவள் யார்? தராசுக்குத் தெரியாது. செடியின் வயது, மழை, பசளை, களை எடுப்பு, மலையைப் பகிர்ந்து கொடுத்த கணக்கப்பிள்ளையின் மனம் ஆகிய அத்தனையும் சேர்ந்த ஒரு தொகையை அது காட்டுகிறது. அந்தத் தொகை முழுவதையும் ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்து, “இது உன் திறன்” என்று சொல்வதிலேதான் பிழை இருக்கிறது. கொழுந்தின் ஈரத்துக்கும் பைக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழித்துக்கொள்ளப்படும் எடை வேறு.

இன்னொரு செய்தியும் உண்டு. அக்கரப்பத்தனை அடங்கிய டிம்புளைப் பிரதேசத்தின் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட குளிர்காலத்திலேதான் மணம் மிகுதி. கொழும்பு ஏலத்தில் இப்பருவத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அதே மாதங்களில் காற்றும் குளிரும் தளிரை மெல்லவே வளரவிடுகின்றன; சில இரவுகளில் உறைபனி விழுந்து செடி கருகுவதும் உண்டு. தேயிலையின் மதிப்பு ஏறும் பருவமும் பறிப்பவளின் எடை இறங்கும் பருவமும் ஒன்றாக வருகின்றன. மிகச் சிறந்த தேயிலையை உலகத்துக்கு அளிக்கும் மாதத்திலே அவள் கணக்கில் மிக மட்டமான தொழிலாளி! கிலோவை மட்டும் அறிந்த அளவுகோலின் அறிவு இவ்வளவுதான்.

*

இதனை வெறும் உவமானம் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி வரலாறே ஒரு பரிசோதனை செய்து காட்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. ஆண்டு முடியுமுன் தடையை விலக்க நேர்ந்தது. ஆயினும் பசளையின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பின்னர் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. ஆறில் ஒரு பங்கு மறைந்துவிட்டது.

அந்த ஓராண்டில் மலைநாட்டுப் பெண்களெல்லாம் திடீரெனச் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா? அதே கைகள், அதே கூடைகள், அதே காலை ஏழரை மணி. மாறியது செடிக்குப் போன உணவு. கொழும்பிலே ஒரு மேசையில் இடப்பட்ட கையெழுத்து ஆக்ரா ஓயாக் கரையிலே ஒரு பெண்ணின் கூடையைக் குறைத்தது. அந்த மாதங்களில் அளவை எட்டாமல் அரைப்பேர் வாங்கியவளின் துண்டிலே, தவறு செய்த அமைச்சின் பெயர் எழுதப்படவில்லை. அவள் பெயரே எழுதப்பட்டது.

கென்யாவிலும் தென்னிந்தியாவிலும் ஓராள் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து நம்மவர் பறிப்பதைவிட மிக அதிகம் என்பது, சம்பள உயர்வு கேட்கப்படும்போதெல்லாம் நிருவாகத் தரப்பு முன்வைக்கும் வாதம். ஒப்பீடு உண்மையே. ஆனால் ஒப்பிட்டவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். கென்யாவின் தேயிலைத் தோட்டங்கள் நம்முடையவற்றைவிட வயதிற் குறைந்தவை. அங்கே தெரிவு செய்த இனங்களைப் பதியமிட்டு வளர்த்த செடிகள் மிகுதி. இயந்திரத்தால் பறிப்பதும் உண்டு. தென்னிந்தியாவிலே கத்தரியால் வெட்டும் முறை பரவியிருக்கிறது. இங்கேயோ செங்குத்துச் சரிவிலே பழைய செடியில் கையாற் கிள்ளும் முறையே பெரிதும் நடக்கிறது. பழைய மலைகளைப் பிடுங்கி ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு பங்காவது மறுநடுகை செய்ய வேண்டும் என்ற பரிந்துரை நெடுங்காலமாக இருக்கிறது. தலவாக்கலை சென்கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல இனங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும், அதற்கு முன்னர் அரசு நடத்திய காலத்திலும், மறுநடுகை அந்த அளவை எட்டவில்லை. மறுநடுகை செய்த மலை சில ஆண்டுகளுக்கு வருமானம் தராது. ஆகவே கணக்குப் பார்ப்பவர் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டவரின் கணக்கில் அது சேமிப்பு. பறிப்பவளின் கணக்கில் அது திறனின்மை. இந்தக் கணக்கு மாற்றத்தைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

*

எட்வேட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவதுண்டு. ஒரு பெட்டியில் 4,000 மணிகள்: 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு ஒவ்வொரு ‘தொழிலாளி’யும் ஐம்பது மணிகளை எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு. சிவப்பு மணி பழுது. டெமிங் கண்டிப்பான மேலாளராக நடிப்பார். சிவப்புக் குறைவாக வந்தவனைப் பாராட்டுவார். அதிகம் வந்தவனை எச்சரிப்பார். சுவரிலே சுலோகங்களை ஒட்டுவார். இறுதியில், சிவப்பு அதிகம் எடுத்தவர்களை வேலையிலிருந்து நீக்கி, ‘சிறந்தவர்களை’ மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்சாலையைக் காப்பாற்றப் போவதாக அறிவிப்பார். அந்தச் சிறந்தவர்களும் மறுநாள் சிவப்பு மணிகளையே அள்ளிக்கொண்டு வருவார்கள். பெட்டியிலே இருப்பதுதானே துடுப்பிலே வரும்! பெட்டியை நிரப்பியவர் மேலாளர். தண்டனை பெற்றவன் துடுப்பைப் பிடித்தவன்.

இதனைப் படித்தபோது எனக்குத் தேயிலை மலையே நினைவுக்கு வந்தது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியரை ஆண்டுதோறும் மூன்று கூறாகப் பிரிக்கும் முறையைப் பெயர்பெறச் செய்தார்: முதல் நூற்றுக்கு 20 பேர், நடுவில் 70 பேர், கடைசியில் 10 பேர். கடைசிப் பத்துப் பேருக்கு வாசல் காட்டப்படும். பல பெருநிறுவனங்கள் இதனைப் பின்பற்றின. மைக்ரோசொப்ட் இத்தகைய தரவரிசையை 2013இல் கைவிட்டது. ஊழியர் ஒருவருக்கொருவர் உதவுவதை விட்டு ஒருவரையொருவர் தள்ளிவிடப் பழகுகிறார்கள் என்ற முறைப்பாடு அதற்கு முன்னரே பலமாக எழுந்திருந்தது.

இம்முறையின் தர்க்கத்தை ஒரு வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். முப்பது பிள்ளைகளும் தொண்ணூறுக்கு மேல் புள்ளி பெற்றாலும் ஒருவன் முப்பதாவதாகத்தான் வருவான். அவனை ‘மொக்கு’ என்று சொல்ல எந்த ஆசிரியனுக்கு உரிமை உண்டு? நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து என்று முதலிலே எண்ணை எழுதிவிட்டுப் பின்னர் ஆளைத் தேடுகிறவன் திறனின்மையைக் கண்டுபிடிக்கவில்லை, எண்ணை நிரப்புகிறான். எண் எங்கிருந்து வந்தது? இலாபக் கணக்கிலிருந்து, பங்குச் சந்தையின் எதிர்பார்ப்பிலிருந்து, புதிய இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து. ஆட்குறைப்பின் அளவு உழைப்பாளியைக் காணுமுன்னரே தீர்மானிக்கப்படுகிறது. அவனுடைய குறை பின்னரே எழுதப்படுகிறது. குற்றவாளிகளின் தொகையைத் தீர்மானித்துவிட்டுக் குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றத்தை எவரேனும் ஏற்பாரா?

*

நம் தோட்டங்களில் இன்று பெருந்தொகையான ஆட்குறைப்புக் கடிதங்கள் வருவதில்லை என்று சொல்லலாம். மேலும், ஆள் போதவில்லை என்பதே தோட்டங்களின் புலம்பல். இரண்டும் உண்மை. ஆயினும் 1992இல் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த பதிவுத் தொழிலாளரின் தொகை இன்று அதிற் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இளைஞர் தாமாக வெளியேறியது ஒரு காரணம். வேறொன்றும் நடக்கிறது. ஓய்வு பெற்ற பெண் மறுவாரமே அதே மலைக்கு, அதே கூடையோடு, கைக்காசுக்குப் போகிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கையிலே பணம். செக்ரோலில் பெயர் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய நூற்றுக்கு 12 இல்லை. நம்பிக்கை நிதியின் நூற்றுக்கு 3 இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடைக் கணக்கிலே இந்த உழைப்புச் சேராது.

இந்த ஒரு காட்சி போதும், வாதத்தின் வேரைக் காண. வயதாகிவிட்டது, எடை குறைந்துவிட்டது, இவளால் பயனில்லை என்பது உண்மையானால் அவளை மறுபடியும் மலைக்கு அழைப்பானேன்? அவள் பறிக்கும் கொழுந்து தொழிற்சாலைக்கு வேண்டியிருக்கிறது. வேண்டாதது அவளுடைய உரிமை மட்டுமே. வயதானவளின் முழங்காலில் உள்ள வலி, முப்பது வருடம் அதே சரிவில் ஏறியதன் பலன். அந்த முப்பது வருட விளைச்சலைக் கணக்கிலே சேர்க்காமல் இன்றைய ஒருநாள் எடையை மட்டும் காட்டி அவளைத் திறனற்றவள் என்பது எவ்வகை அறம்?

காலத்துக்குக் காலம் காரணத்தின் பெயர் மாறுவதையும் வரலாற்றிலே காண்கிறோம். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்திய வம்சாவளியினரை நீக்க இலங்கை அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். அன்று யாரும் திறனைப் பற்றிப் பேசவில்லை. பிறப்பே காரணமாகப் போதுமானதாக இருந்தது. ஜவாஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் இங்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் அந்தச் சூழலிலேயே தோன்றியது. ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. இன்று பிறப்பைக் காரணமாகச் சொல்ல எவரும் வெட்கப்படுவர். அந்த அளவிற்கு உலகம் முன்னேறியிருக்கிறது. ஆனால் ஆளைக் குறைக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது வெட்கமின்றிச் சொல்லத்தக்க ஒரு காரணமும் வேண்டியிருக்கிறது. ‘உற்பத்தித்திறன்’ அந்த இடத்தை நிரப்புகிறது.

சம்பளத்திலும் இச்சொல் நுழைந்து பார்த்தது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்று பேசப்பட்டது. அதிலே அடிப்படைச் சம்பளம் 500 ரூபாதான். 140 ரூபா உற்பத்தித்திறனுக்கு, 60 ரூபா வரவுக்கு, 30 ரூபா விலைப் பங்குக்கு. மேடையிலே 730 என்று முழங்கியவர்கள், மழை பெய்யாத மாதத்திலே அந்த 140 யார் கைக்குப் போகவில்லை என்று எண்ணிப் பார்க்கவில்லை. 2019இல் அந்தக் கூறு நீக்கப்பட்டது. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. 1,000 ரூபா வந்த கையோடு சில தோட்டங்களில் நாளளவும் கூடியது என்பதை நம் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

*

எதிர்வாதத்தையும் நேர்மையாக நோக்க வேண்டும். சோம்பேறித் தொழிலாளியே உலகில் இல்லை என்று சொல்வது பொய். இருக்கிறான். அவன் செய்யாத வேலை பக்கத்து நிரையிலே நிற்பவளின் முதுகில் ஏறுகிறது; அவனைக் காப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். முற்போக்காளன் இதனை மறைத்தால் உழைக்கும் மக்களே அவனை நம்பமாட்டார்கள். தொழிற்சங்கங்களிலும் வேண்டியவனைக் காத்து வேண்டாதவனைக் கைவிடும் வழக்கம் இல்லாமல் இல்லை.

ஆனால் அவனுக்கு வழி வேறு. குற்றம் இன்னதென்று அவனுக்கு எழுத்திலே சொல்ல வேண்டும். அவன் தரப்பைக் கேட்க வேண்டும். திருந்த அவகாசம் தர வேண்டும். பின்னரும் திருந்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கலாம். அது ஒருவனைப் பற்றிய விசாரணை. ஆட்குறைப்போ கம்பனியைப் பற்றிய முடிவு. முன்னதற்கு ஆதாரம் வேண்டும்; பின்னதற்குக் கம்பனி தன் கணக்கைக் காட்ட வேண்டும். பின்னதை முன்னதாக வேடம் போட்டுக் காட்டும்போது ஆதாரமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்றாகிவிடுகிறது.

சட்டம் இயற்றியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள். நம் நாட்டின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒரு தொழிலாளியை நீக்குவதானால் அவனுடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று விதித்தது. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், ஆளைக் குறைக்கும்போது கடைசியாகச் சேர்ந்தவனே முதலில் வெளியேற வேண்டும், மாறாகச் செய்தால் காரணத்தைப் பதிய வேண்டும் என்றது. இந்த விதியும் குறையற்றதன்று; நேற்றுச் சேர்ந்த இளைஞன், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும், இதனால் அடிபடுவான். ஆனால் ஒருவன் வேலையிற் சேர்ந்த திகதியை எவரும் பார்த்துச் சரிபிழை சொல்லலாம். ‘திறன் குறைந்தவன்’ என்ற தீர்ப்போ துரையின் நாவிலேயே பிறந்து அங்கேயே முடிகிறது. அதிகாரமற்றவனுக்கு, பார்த்துச் சரிபார்க்கக்கூடிய குறையுள்ள விதி, பார்க்க முடியாத ‘நீதி’யைவிடப் பாதுகாப்பானது.

வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளறிந்து வேலையை ஒப்படைக்கும் கடமையை அங்கே வேலை கொடுப்பவன்மேல் வைத்தார். அந்த நோக்கிலே பார்த்தால், ஒரு கம்பனி ஒரே நாளில் ஆயிரம் பேரைத் திறனற்றவர் என்று அறிவிப்பது அந்த ஆயிரம் பேரைப் பற்றிய செய்தியாகுமுன், அவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்றி, வேலை பகிர்ந்து, வருடக்கணக்காக மேற்பார்வை செய்தவர்களைப் பற்றிய செய்தியாகிறது. நீக்கப்பட்டோர் பட்டியலில் அவர்கள் பெயரையும் தேடிப் பாருங்கள்.

*

பிறரைக் குறை கூறிவிட்டு ஆசிரியன் தப்பிக்கொள்ளக் கூடாது. முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலையில், சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன்னர், பலவீனமான மாணவர் சிலரை அவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்ற வேண்டாம் என்று ‘அறிவுரை’ சொல்லி அனுப்பினோம். பெற்றோர் தோட்டத்துக்காரர், ஆசிரியர் சொன்னால் மறுத்துப் பேச மாட்டார்கள். அவ்வருடம் சித்தி வீதம் உயர்ந்தது. கூட்டத்திலே கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு பிள்ளைகூட அதிகமாக ஒரு பாடம் படித்துவிடவில்லை. வகுக்கும் எண்ணைக் குறைத்தோம், ஈவு பெருகியது. வீட்டுக்குப் போனவர்களுள் இருவருக்கு எட்டாம் வகுப்பிலிருந்து கணித ஆசிரியரே இருந்ததில்லை. அந்த வெற்றிடத்தை நாங்கள் அவர்களுடைய மண்டையிலே எழுதிவிட்டோம்.

பின்னர் ஒருநாள் அந்த இருவருள் ஒருவனைக் கொழும்பு செல்லும் பஸ்ஸில் கண்டேன். “சேர், எனக்குப் படிப்பு ஏறாதுதானே” என்று சிரித்தபடியே சொன்னான். நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். இந்தச் சிரிப்பே ‘திறனற்றவன்’ என்ற தீர்ப்பின் முழுமையான வெற்றி. வேலை இழந்தவன் கோபப்படுவதற்குப் பதிலாக வெட்கப்படுகிறான்; சங்கத்துக்குப் போவதற்குப் பதிலாக முகத்தை மறைத்துக்கொள்கிறான்; எஞ்சியிருப்பவர்களோ அடுத்த முறை கடைசியில் நிற்காமலிருப்பதற்காக ஒருவரையொருவர் முந்துகிறார்கள். வேலையற்றோர் படை வேலையிலிருப்போரின் கூலியை அமுக்கிப் பிடிக்கிறது என்று மார்க்ஸ் விளக்கினார். அந்தப் படையில் சேர்க்கப்பட்டவன் தன் தகுதியின்மையால்தான் சேர்ந்தேன் என்று தானே நம்பிவிட்டால், அமுக்கும் கைக்கு வேலை இன்னும் இலகுவாகிறது.

தோட்டத்திலே இதன் விலை அதிகம். நகரத்திலே வேலை போனவன் வேறு தெருவில் வேலை தேடலாம். இங்கே வேலையும் லயமும் ஒரே முடிச்சு. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பத்துச் சீட்டுக் கொடுத்துக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு விரட்டிய நாட்களை நம் மூத்தோர் இன்னும் மறக்கவில்லை. செக்ரோலில் ஒரு பெயர் வெட்டுப்படும்போது அந்த வீட்டிலே அடுப்பும் கூரையும் சேர்ந்தே ஆடுகின்றன.

சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள்படும் பெயரையே இட்டார். உழைக்கவே பிறந்தவர்கள் என்று ஒரு காலத்தில் எந்த மக்களைக் கண்டோமோ, அந்த மக்களின் பேத்திமாரை உழைக்கத் தெரியாதவர்கள் என்று இன்று ஒரு கணக்கேடு சொல்கிறது. மலையக இலக்கியம் கண்ணீரை நிறைய எழுதியிருக்கிறது, அது வேண்டியதே. இனி அந்தக் கணக்கேட்டையும் எழுத வேண்டும். மலையைப் பகிர்ந்தவர் யார், பசளை எப்போது வந்தது, மறுநடுகைக்குரிய பணம் எங்கே போனது, கழிவு எத்தனை கிலோ, எண்ணை முதலில் எழுதியவர் யார் என்ற கேள்விகள் கதையிலும் கட்டுரையிலும் சங்கக் கூட்டத்திலும் எழ வேண்டும்.

பெருநிறுவனங்களின் ஆட்குறைப்பு திறனற்றவரையே நியாயமாகப் பொறுக்கி எடுக்கிறது என்று எவரேனும் சொன்னால் நாம் கேட்க வேண்டியது எளிய ஒன்று: நிறுவைக்கு முன்னால் அந்த மலையை எங்களுக்கும் காட்டுங்கள். மலையைக் காட்ட மறுப்பவருடைய தராசை நாம் ஏற்க வேண்டியதில்லை.